மோட்டார் கொட்டகைச் சாவி

"மாட்டைப் பிடிங்க, மாட்டைப் பிடிங்க" என்று ரெத்தினம் கத்தினான். களத்தில் மாடே இல்லை. சித்திரை வெயிலும், போரடித்துக் குவித்த நெல்லும், யாராவது அள்ளினால் தெரியும்படி அதன்மேல் சாணிப்பாலால் போட்ட குறியும்தான் இருந்தன. கஞ்சிக் கலயத்தோடு வந்த பொன்னுத்தாய்க்கு முதலில் கோபம்தான் வந்தது, மனுஷன் எங்கேயோ கள்ளைக் குடித்துவிட்டு உளறுகிறான் என்று. கிட்டே போய்த் தோளைத் தொட்டவள் கையை இழுத்துக்கொண்டாள். புருஷன் உடம்பு தோசைக்கல்லாகக் கொதித்தது. அவளை அவனுக்கு அடையாளம் தெரியவில்லை.

அந்த நெல்லில் கூலிப் பங்கை உயர்த்தித் தரவேண்டும் என்று சங்கம் கேட்டிருந்தது. புது ஆட்சி வந்திருக்கிறது, சட்டம் நம் பக்கம், அதிகாரி வந்து அளக்கிறவரை மிராசுதார் வண்டி கட்டாமல் பார்த்துக்கொண்டால் போதும் என்றார்கள். அதனால் ஆள் மாற்றிக் காவல். காலையில் ரெத்தினம், உச்சிக்கு அவன் கூட்டாளி அரசப்பன். அடுத்த ஆள் வராமல் களத்தை விட்டு எழுந்திருப்பதில்லை என்று பேச்சு. மிராசுதார் லேசுப்பட்டவரா? ஆறு காய்ந்து கிடக்கிற மாதம் பார்த்து, களத்தோரத்து மோட்டார் கொட்டகையைப் பூட்டிவிட்டார். நிழலுக்கு இருந்த கீற்றுப் பந்தலையும் பிரித்துப் போட்டாயிற்று. இப்போது உச்சி சாய்ந்துவிட்டது. அரசப்பனைக் காணோம்.

சாணி பொறுக்க வந்த காளியம்மாள் தூரத்திலேயே நின்றுகொண்டாள்.

"தொடாத புள்ள. ஆத்தா வந்திருக்கா. தண்ணி கிண்ணி ஊத்திராத."

போன சித்திரையில் அவர்கள் தெரு நடராசனுக்கும் இப்படித்தான் சொன்னார்கள். அம்மை என்று வேப்பிலையைச் சொருகி, குடிசைக்குள் போர்த்திப் படுக்கவைத்தார்கள். அன்றைக்கே போய்ச் சேர்ந்தான். பிறகு வந்த நர்சம்மா மெஹராஜ் பேகம் எல்லோரையும் திட்டித் தீர்த்தாள். வெயிலில் கிடந்தவனுக்கு உடம்பு கொதித்து, பேச்சுக் குழறினால் அம்மையா என்று பார்த்துக் காத்திராதே, உடனே நிழலுக்கு இழு, தண்ணீரை ஊற்று, விசிறு, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடு என்றாள். பொன்னுத்தாய் புருஷனின் மார்பைப் பார்த்தாள். ஒரு அம்மை முத்துக்கூட இல்லை. அக்குள்கூடக் காய்ந்து கிடந்தது.

அப்போதுதான் அரசப்பன் வந்தான். அவர்கள் தெரு தெற்கே இருக்க, இவன் மிராசுதார் தோப்புப் பக்கமிருந்து வந்தான். அவளுக்கு அதெல்லாம் அப்போது உறைக்கவில்லை.

"அண்ணே, தூக்குங்கண்ணே!"

இருவருமாகத் தூக்கிக் கொட்டகைச் சுவரோர நிழலில் கிடத்தினார்கள். அவள் கல்லை எடுத்துப் பூட்டில் போட்டாள். பூட்டு அசையவில்லை. அரசப்பன் ரெத்தினத்தின் செருகிய கண்களையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு அவன் கை இடுப்புக்குப் போனது. வேட்டி மடிப்பிலிருந்து ஒரு சாவியை எடுத்துப் பூட்டைத் திறந்து மோட்டாரைப் போட்டான்.

பொன்னுத்தாய் அந்தச் சாவியைப் பார்த்தாள். இந்தச் சாவி யாரிடமிருந்து வந்திருக்கும் என்று பச்சைப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். ஆனால் தண்ணீர் வந்தது. தலையிலும் கழுத்திலும் அக்குளிலும் வாரி வாரி ஊற்றினாள். மனசு கேளாமல் பக்கத்தில் வந்த காளியம்மாள் வாயில் புகட்டப் போனபோது பொன்னுத்தாய் கையைத் தட்டிவிட்டாள்.

"நெனவு இல்லாதப்ப வாயில ஊத்தாதீங்க. பொறையேறிரும்."

அரசப்பன் துண்டை நனைத்து விசிறினான். மோட்டார் இரைச்சலுக்கு மேலே வண்டிச் சத்தம் கேட்டது. களத்தில் வண்டிகள் நின்றன. குறியை மிதித்துக்கொண்டு ஆட்கள் நெல்லை அள்ளினார்கள். ஓடிப்போய் மாட்டுக்கு முன்னால் விழலாம்தான். இங்கே யார் தண்ணீர் ஊற்றுவது?

"குடிசையப் பிரிச்சு வீசிருவேன்னாரு மிராசுதாரு, தங்கச்சி" என்றான் அரசப்பன், களத்துப் பக்கம் திரும்பாமலே. "நான் வரலேன்னா, வெயில் தாங்காம இவனே எந்திரிச்சுப் போயிருவான்னு நெனச்சேன்."

"உன்ன நம்பித்தானே உக்காந்திருந்தாரு."

அவன் துண்டை மறுபடியும் தண்ணீரில் நனைத்தான்.

"கடைசி வண்டிய நிறுத்து. ஆஸ்பத்திரிக்குப் போவணும். நீ சொன்னா இப்ப கேப்பாங்க."

கேட்டார்கள். நெல்லின் மேலேயே ரெத்தினத்தைக் கிடத்தினார்கள். அவள் கஞ்சிக் கலயத்தைக் கவிழ்த்துவிட்டு அதில் தண்ணீர் மொண்டுகொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். எதிரே அரசப்பன், குடை ஒரு கையில், ஈரத் துண்டு மறு கையில். குடையும் மிராசுதார் வீட்டுக் குடைதான்.

வண்டி ஆடியதில் ரெத்தினம் கண் திறந்தான். கை துழாவி ஒரு பிடி நெல்லைப் பற்றியது.

"களத்துலதான் இருக்கனா?"

"ஆமா."

"அரசப்பன் வந்துட்டானா?"

அரசப்பனின் துண்டு பாதியில் நின்றது.

"வந்துட்டான்" என்றாள் பொன்னுத்தாய்.

ரெத்தினம் நிம்மதியாகக் கண்ணை மூடிக்கொண்டான். பிடித்த நெல்லை விடவில்லை.

அவள் அரசப்பனைப் பார்த்தாள்.

"நிறுத்தாத. விசுறு."