வெட்டுப்படாத பதினாறு பக்கங்கள்

மருந்துக்கடைக்காரரின் நாவலை அச்சிடப் பதிப்பாளர் எடுத்துக்கொண்ட காலத்தில் ஒரு பிள்ளை பிறந்து நடக்கவே பழகியிருக்கும். போன் செய்தால், "அடுத்த வாரம் கண்டிப்பா சார்" என்பார். அந்த அடுத்த வாரம் வரவே மாட்டேன் என்று அடம்பிடித்தது. ஒருவழியாகப் புத்தகம் வந்து இறங்கியபோது மருந்துக்கடைக்காரர் அட்டையைத் தடவிப் பார்த்தார், முகர்ந்து பார்த்தார், உள்ளே மட்டும் பிரிக்கவில்லை. பிழை ஏதாவது கண்ணில் பட்டால் தூக்கம் போய்விடுமே என்ற பயம். எழுதுகிறவர்களுக்கென்றே இருக்கிற கோழைத்தனம் அது.

மனைவி இறந்துபோன பிறகு எழுதிய நாவல். யாரிடமும் வாய்விட்டுச் சொல்ல முடியாததையெல்லாம் ஏழாவது அத்தியாயத்தில் இறக்கிவைத்திருந்தார். அதை ஒரே ஒருவராவது படித்துவிட்டு ஒரு வார்த்தை பேச வேண்டும். அவருக்கு வேண்டியது அவ்வளவுதான்.

தெரிந்தவர்களுக்கெல்லாம் பிரதி கொடுத்தார். பக்கத்து கிளினிக் டாக்டர், "ஒரே மூச்சுல படிச்சுட்டேன்" என்றார். பள்ளித் தோழன், "கண்ணுல தண்ணி வந்துருச்சுடா" என்றான். அண்ணன், "பிரமாதம்" என்று முதுகில் தட்டினார். அண்ணி மட்டும் வாயைத் திறக்கவில்லை. அவள் எப்போதுமே அளந்து பேசுகிறவள்தான்.

இத்தனை பாராட்டுக்குப் பிறகும் ஏனோ மனசு நிறையவில்லை. ஏழாவது அத்தியாயத்தைப் பற்றி ஒருவரும் மூச்சு விடவில்லை. மாத்திரையை எடுத்துக் கொடுத்துக்கொண்டே வந்தவர்களின் வாயைப் பார்ப்பார். அவர்கள் வயிற்றுவலியைப் பற்றிப் பேசிவிட்டுப் போனார்கள்.

கூட்டமில்லாத ஒரு மத்தியானம், சரி, நாமாவது படிப்போம் என்று தன் பிரதியை எடுத்து ஏழாவது அத்தியாயத்துக்குப் புரட்டினார். பக்கம் பிரியவில்லை. அந்தப் பதினாறு பக்கம் மட்டும், மடித்தது மடித்தபடி, விளிம்பு வெட்டுப்படாமல் மூடிக் கிடந்தது. கடையில் மீதமிருந்த பிரதிகளையும் எடுத்துப் பார்த்தார். எல்லாவற்றுக்கும் அதே கதி. கத்தியால் அறுத்தாலொழிய யாரும் படித்திருக்க முடியாது.

பதிப்பாளருக்குப் போன் போட்டார்.

"அப்படியா சார்? பைண்டிங்ல ஏதோ கோளாறு ஆயிருக்கும். ஆனா இதுவரைக்கும் ஒரு கம்ப்ளைன்ட்கூட வரலையே" என்றார் அவர், நல்ல சேதி சொல்வது போல.

அந்த ஒரே மூச்சும் அந்தக் கண்ணீரும் எந்தப் புத்தகத்துக்கோ. கோபப்படக்கூட அவருக்குத் தெம்பில்லை, அழுகைதான் வந்தது. கடையில் யாரும் இல்லாதது வசதியாகப் போயிற்று. அன்றிலிருந்து பாராட்டை விட்டுவிட்டு ஒரு புகாருக்காகக் காத்திருந்தார். 'என்னய்யா புத்தகம் போட்டிருக்க, பக்கமே பிரியல' என்று யாராவது வந்து கேட்க மாட்டார்களா? திட்டக்கூட நாதியில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணனுக்கு பிரஷர் மாத்திரை கொடுக்கப் போனார். அண்ணன் குளித்துக்கொண்டிருந்தார். டிவி பக்கத்தில் புத்தகம் கிடந்தது. வேண்டாம் என்று நினைத்துக்கொண்டேதான் எடுத்தார். ஏழாவது அத்தியாயம் திறந்துகொண்டது. விளிம்பு கோணல்மாணலாக அறுபட்டிருந்தது, ஓரிடத்தில் தக்காளிச் சாறு பட்டுக் காய்ந்திருந்தது.

அண்ணி டீயோடு வந்து நின்றாள்.

"அண்ணி, இத யாரு வெட்டினது?"

"நான்தான். காய் நறுக்குற கத்தியால வெட்டுனேன். கொஞ்சம் கிழிஞ்சுபோச்சு, தப்பா நினைச்சுக்காதீங்க தம்பி."

"படிச்சீங்களா? ஒண்ணுமே சொல்லலியே."

"அதுல ஒருத்தன் தினமும் ரெண்டு டம்ளர் டீ போட்டு, ஒண்ண ஆறவிட்டுக் கொட்டுறானே. கதைதானேன்னு விட முடியல எனக்கு. நல்லாருக்குன்னு சொல்லவும் வாய் வரல. என்னன்னு சொல்லுவேன்?"

அந்த டீயைப் பற்றி அதுவரை யாருக்கும் தெரியாது.

அண்ணி டம்ளரை அவர் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனாள். தனக்கும் ஒரு டம்ளர் எடுத்துவந்து எதிரே உட்கார்ந்தாள்.

"ஆறிடப் போகுது, குடிங்க" என்றாள்.