ஏர்ல போன சரக்கு

1

ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதையை நான் யோசித்து உருவாக்கவில்லை. பெங்களூர் போய்த் திரும்பிய ஒரு காரின் முன்சீட்டில், சீட் பெல்ட் கட்டிய நிலையில், இது எனக்கு நேர்ந்தது. [‘நேர்ந்தது’ விபத்துக்குப் போடும் சொல். இருக்கட்டும்.]

நான் போனது வேறு காரியத்துக்கு. வாரப் பத்திரிகைத் தொடர் ஒன்றுக்கு விமான நிலையப் பின்னணி தேவைப்பட்டது. முதல் வரிகூடத் தயார்:

‘விமானம் வெடிக்க இன்னும் பதினொரு நிமிடங்களே இருந்தபோது, ரீட்டா தன் கைப்பையிலிருந்து அந்த—’

அடித்துவிட்டேன். எந்த விமானமும் வெடிக்கவில்லை. ரீட்டா என்று யாரும் இல்லை. இருந்தது அருள்குமார்.

2

அருள்குமார் அவிநாசிபாளையத்துக்காரர். திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில் மெர்ச்சண்டைசர். ஆர்டர் வந்த நாள் முதல் சரக்கு கப்பலேறும் வரை எல்லோரையும் விரட்டுகிற வேலை. லீவு கிடைத்தால் விமானம் பார்க்கக் கிளம்பிவிடுவார். ஏறிப் போக அல்ல, பார்க்க. கொச்சி, சென்னை, ஹைதராபாத் என்று ஊர் ஊராய்ப் போய், வேலிக்கு வெளியே நின்று, வாலில் எழுதியிருக்கும் எண்ணைப் படமெடுத்துக்கொண்டு வருவார்.

‘நல்ல மனிதர்’ என்று குறிப்பெழுதி வைத்திருந்தேன். அந்த வரியை என்ன செய்வதென்று இன்னும் தெரியவில்லை.

அவர் காரில்தான் பெங்களூர் போனோம். காலையில் விமானக் கண்காட்சி. போர் விமானங்கள் தலைக்கு மேல் குட்டிக்கரணம் அடித்தன. என் விலா எலும்பு அதிர்ந்தது. அருள்குமார் கொட்டாவி விட்டார்.

“என்ன அருள், பிடிக்கலையா?”

“இது கல்யாண ஊட்டுப் பந்திங்ணா. ஆரு வேணா வந்து உக்காரலாம். நம்முளுது சாயந்திரம் இருக்குது.”

3

சாயந்திரம், விமான நிலையத்தின் பின்புறம், வேலியை ஒட்டிய ஒரு ராகிக் காடு. அங்கே நின்றோம்.

வந்தது ஜம்போ. நான்கு இன்ஜின். ஆள் ஏற்றாத, சரக்கு மட்டும் தூக்குகிற ரகம். மூக்கையே மேலே தூக்கித் திறந்து சரக்கை விழுங்குமாம். இந்த வகையைப் புதிதாகச் செய்வதை நிறுத்திவிட்டார்களாம். தரை நடுங்க ஓடி, மனமில்லாததுபோல் எழும்பி, எங்கள் தலையைத் தாண்டியது.

அருள்குமார் கேமராவைத் தூக்கவே இல்லை. கண்ணில் தண்ணீர்.

“அதுக்குள்ள நம்ம கம்பெனி சரக்கு இருக்குதுங்ணா.”

* வெளியூர் வாசகருக்கு: ‘சரக்கு ஏர்ல போச்சு’ என்பதைத் திருப்பூரில் குரலைத் தாழ்த்தித்தான் சொல்வார்கள். வேலையைத் தேதிக்குள் முடிக்காமல் கப்பலைத் தவறவிட்டால், கம்பெனி தன் கைக்காசில் விமானத்தில் அனுப்பியாக வேண்டும். அந்த சீசன் லாபம் அதோடு அவுட்.

“அடடா. கப்பலை விட்டுட்டீங்களா?”

“விட வெச்சேனுங்ணா.”

4

இந்த இடத்தை மூன்று முறை எழுதிப் பார்த்தேன். மூன்றிலும் நான் அதிர்ச்சியில் ‘உறைந்து’ போகிறேன். பொய். வறுகடலை தின்றுகொண்டிருந்தேன், தொடர்ந்து தின்றேன். வாய் தன் பாட்டுக்கு மென்றது.

பனியன் கழுத்தில் வைத்துத் தைக்கிற லேபிள் ஒரு பெட்டி. அதை ஸ்டோரிலிருந்து எடுத்து நாலு நாள் தன் கார் டிக்கியில் வைத்திருந்தார். லேபிள் இல்லாமல் தையல் நின்றது. கப்பல் போயிற்று. பிறகு பெட்டி ஸ்டோரிலேயே, ரேக்குக்குப் பின்னாலிருந்து ‘கிடைத்தது’. சரக்கு எந்த விமானத்தில் போகிறது என்பதை மட்டும் கார்கோ ஏஜென்டிடம் அவரே நச்சரித்து வாங்கினார்.

“ஏன் அருள்?”

“எத்தன வருசமா வேலிக்கு இந்தப் பக்கமே நிக்கறதுங்ணா? நம்ம கை பட்டது ஏதாவது அதுல ஏறோணும்னு தோணுச்சுங்.”

“உங்க ஓனர்?”

“மணியன் சார் ஒரு வாரம் செரியாச் சோறு திங்கல. இப்பத் தேவலைங்.”

“ஸ்டோர்ல யார் இருந்தா?”

“நதியான்னு ஒரு புள்ளைங்ணா. தூத்துக்குடிப் பக்கம். வேலைய உட்டு அனுப்பிட்டாங்க.” ஃப்ளாஸ்க் மூடியைத் திருகினார். “திருப்பூர்ல கம்பெனிக்குக் கம்பெனி ஆள் தேவைன்னு போர்டு தொங்குது. அந்தப் புள்ளைக்கென்னங்.”

5

முடிவு அ: திருப்பூர் வந்ததும் அருள்குமார் மனம் திருந்தி, மணியன் வீட்டு வாசலில் காரை நிறுத்தி, தலை குனிந்து— [எழுதுகிற எனக்கே நம்பிக்கை இல்லை.]

முடிவு ஆ: எதிரே ஒரு லாரி. பிரேக் பிடிக்கவி— [என் தொடர்களில் யாரை என்ன செய்வதென்று தெரியாதபோதெல்லாம் வருகிற லாரி இது. திருப்பி அனுப்புகிறேன்.]

நடந்தது இது. கிருஷ்ணகிரி டோல்கேட் தாண்டியதும் போன் அடித்தது. பேச்சு கார் ஸ்பீக்கரில் வந்தது.

“அண்ணே, நதியா பேசுதேன். வண்டியில இருக்கீயளோ?”

“சொல்லு கண்ணு.”

“இன்னைக்கும் ரெண்டு கம்பெனிக்குப் போனேண்ணே. லேபிளத் தொலைச்ச புள்ளதானன்னு கேக்காவ. எல்லாருக்கும் போன்லயே தெரிஞ்சிருக்கு. ரூமைக் காலி பண்ணிட்டு வந்துருன்னு அம்மா சொல்லுதா.”

அருள்குமார் ‘ச்சொ’ கொட்டினார்.

“மணியன் சார்ட்ட நீங்க ஒரு வார்த்த சொல்லுங்கண்ணே. அந்த ரேக்க நான் இழுத்துப் போட்டுப் பாத்தேன். பெட்டி அங்க இல்லவே இல்ல. எனக்குன்னு பேச அங்க உங்கள விட்டா யாரு இருக்கா?”

“பேசறேன் கண்ணு. அழுகாத. சாப்பிட்டியா?”

அந்தக் குரலில் நிஜமான பரிவு இருந்தது. ஜம்போ எழும்பியபோதுகூட எனக்கு அப்படித் தூக்கிவாரிப் போடவில்லை.

“அண்ணே, கூட யாரும் இருக்காவளா? மூச்சு விடுத சத்தம் கேக்கு.”

“ஆருமில்ல கண்ணு.”

6

நான் பேசியிருக்கலாம். பேசினால், எழுத்தாளன் தன் கதைக்குள் தானே குதித்துக் காப்பாற்றினான் என்பார்கள். [நொண்டிச் சாக்கு. தெரிந்தேதான் அடிக்காமல் விடுகிறேன்.]

ஆனால் பின்சீட்டில் நீங்கள் இருக்கிறீர்கள். பெங்களூரிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் வருகிறீர்கள். டிக்கி தெரியும். ரேக் தெரியும். பெட்டியை எடுத்தது யார் என்று தெரியும். அவளுக்குக் கேட்டது உங்கள் மூச்சுதான்.

அழைப்பு இன்னும் துண்டிக்கப்படவில்லை. திரையில் அவள் பெயர் ஒளிர்கிறது. அருள்குமாரின் விரல் ஸ்டியரிங்கிலிருந்து சிவப்புப் பொத்தானை நோக்கி நகர்கிறது.

“யாருண்ணே அது?” என்கிறாள் நதியா.

உங்களைத்தான் கேட்கிறாள்.