உருண்டை பிடிக்க ஒரு ஆள்

எங்கள் கட்டடத்தின் மாடி வீட்டில் எக்ஸ்ரேக்காரி குடியிருக்கிறாள். ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பது அவள் வேலை. ஊரில் பாதிப் பேருடைய எலும்பைப் பார்த்தவள். பஸ்ஸில் தன் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனிதருடைய மனசைப் பார்க்கத்தான் அவளிடம் மெஷின் இல்லை. எனக்கு மெஷினெல்லாம் வேண்டியதில்லை. ஒரு சீட் பின்னால் இடம் கிடைத்தால் போதும்.

காலையில் இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில்தான் ஏறுவோம். அவள் வேலைக்கு, நான் பேரனைப் பார்த்துக்கொள்ள மகள் வீட்டுக்கு. நீண்ட பயணம். மற்றவர்கள் தூங்குவார்கள், போனை நோண்டுவார்கள். இவள் கைப்பையைத் திறந்து பின்னல் ஊசிகளை எடுத்துக்கொள்வாள். சாம்பல் நிறக் கம்பளி நூலில், கருநீலக் கண்ணாடி மணி வைத்த ஸ்கார்ஃப். அண்ணன் மகளுக்காம். வீட்டில் அதைத் தொடவே மாட்டாள். "இது பஸ் வேலைக்கா, வீட்டுல கொண்டுபோனா அங்க இருக்கிற வேலையோட சேர்ந்துடும்" என்பாள்.

மணி வைத்துப் பின்னுவதில் ஒரு சள்ளை உண்டு. ஆரம்பிக்கும் முன்பே வேண்டிய மணி மொத்தத்தையும் நூலில் கோத்துவிட வேண்டும். பிறகு பின்னப் பின்ன ஒவ்வொன்றாக ஊசிப் பக்கம் தள்ளிக்கொண்டே வரவேண்டும். பாதியில் போதாமல் போனால் நூலை வெட்டாமல் ஊசிப் பக்கம் புது மணி சேர்க்க முடியாது. குலுங்குகிற பஸ்ஸில் இதற்கு இரண்டு கை போதாது.

மூன்றாவது கை ஒரு நாள் தானாகவே வந்தது. டிரைவர் போட்ட பிரேக்கில் நூல் உருண்டை அவள் மடியிலிருந்து குதித்து, பல செருப்புகளை விசாரித்துவிட்டு, முன்வரிசையில் ஒரு மனிதரின் காலடியில் போய் நின்றது. அவர் அதைத் தூசி தட்டி எடுத்துக்கொண்டு வந்தார்.

"ரொம்ப ஊர் சுத்திட்டு வந்திருக்குங்க. நான் பிடிச்சுக்கட்டுமா? என் கை சும்மாதான் இருக்கு."

அவள் பக்கத்து சீட்டிலிருந்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அவ்வளவுதான். மறுநாளிலிருந்து அந்த சீட் அவருடையது.

அவர் பல்செட் கட்டுபவர். பல் டாக்டர்கள் அளவெடுத்து அனுப்புவார்கள். லேபில் உட்கார்ந்து பல்லையும் ஈறையும் இவர் செய்வார். அம்மாவைக் கவனித்துக்கொண்டதில் கல்யாணத்தை மறந்து, அம்மா போனபிறகு நினைவு வந்தபோது தலை நரைத்திருந்தது. அவளுக்கோ கல்யாணம் ஆன வேகத்திலேயே முடிந்தும் போயிருந்தது. இந்த விவரமெல்லாம் அவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டிருப்பார்கள் என்று நினைக்காதீர்கள். நான் விசாரித்துத் தெரிந்துகொண்டது. அவர்கள் பேசினால்தானே! இவள் பின்னுவாள். அவர் மடியில் உருண்டையை வைத்துக்கொண்டு, நூலில் கிடக்கும் மணியை விரல் நுனியால் இவள் பக்கம் தள்ளிவிடுவார். மணி வந்து சேரும்போது இவள் லேசாகத் தலையாட்டுவாள். பேச்சுவார்த்தை முடிந்தது. நடுநடுவே அவர், நூலின் உள்முனை கிடக்கிற உருண்டையின் நடு ஓட்டைக்குள் விரலை விட்டு நோண்டிக்கொண்டிருப்பார். நூலைச் சிக்காக்கப் போகிறாரே மனிதர் என்று எனக்குக் கை பரபரக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாடிக்குப் போயிருந்தபோது, அவள் குளிக்கப் போன நேரத்தில் அந்தப் பையைத் திறந்து ஸ்கார்ஃபை விரித்துப் பார்த்தேன். திறந்துதான் கிடந்தது, பாதி. ஆரம்பத்தில் மணி நெருக்கமாக, மழைத்துளி மாதிரி இருந்தது. போகப்போகத் தூறல். அப்புறம் இங்கொன்று அங்கொன்று.

தலையைத் துவட்டிக்கொண்டே வந்தாள். கேட்டுவிட்டேன்.

"ஏன்டி, ஆரம்பத்துல கல்யாண வீடு மாதிரி இருக்கு, இங்க வந்தா ஆளே காணோம்?"

"அது டிசைன்க்கா."

"மணியை மிச்சம் பிடிக்கிற டிசைனா?"

அவள் ஸ்கார்ஃபைப் பிடுங்கி மடித்தாள். காது சிவந்திருந்தது. மணி தீர்ந்தால் அதைத் தள்ளிவிடுகிற ஆளுக்கு அங்கே என்ன வேலை? ஒரு மணியை வைத்து ஒரு வாரத்தை ஓட்டிக்கொண்டிருந்தாள் பாவி. தன் மேல் அவருக்கும் ஏதாவது உண்டா, இல்லை சும்மா இருக்கும் கைக்கு ஒரு வேலை வேண்டி வந்து உட்கார்ந்தாரா? அது தெரியாமல்தான் தவித்துக்கொண்டிருந்தாள். கேட்டிருக்கலாம். வாயில் என்ன பூட்டா?

நூலில் ஒரு சில மணி மிச்சமிருந்தபோது அவர் சொன்னார்.

"நாளைலேர்ந்து இந்த பஸ் இல்லைங்க. லேப் இடம் மாறுது. ஆத்துக்கு அந்தப் பக்கம்."

"அப்படியா."

"ஆமாங்க."

"சரிங்க."

முன் சீட்டை எட்டி உதைக்கலாமா என்று எனக்கு வந்தது. இறங்கும்போது உருண்டையை அவள் மடியில், தூங்குகிற குழந்தையை வைப்பது மாதிரி வைத்தார். "முழுசும் பின்னிடுங்க. பாதில விட்டுடாதீங்க" என்றார். பஸ் கிளம்பிய பிறகும் அங்கேயே நின்றுகொண்டிருந்தார். இவள் குனிந்து ஊசியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பார்க்க வேண்டியதை நான்தான் பார்த்தேன்.

"முழுசும் பின்னணுமாம்! தையல் டீச்சர்னு நினைப்பு" என்று அன்று சாயங்காலம் மாடிப்படியில் பொரிந்தாள். மறுநாள், சேர்த்து வைத்திருந்த மணி அத்தனையையும் ஒரே வரிசையில் கொட்டித் தீர்த்தாள்.

அதற்கப்புறம் வெறும் நூல். பக்கத்து சீட்டில் பையை வைத்துக்கொள்வாள். யாராவது கேட்டால், கேட்டது காதில் விழாதது மாதிரி கொஞ்ச நேரம் இருந்துவிட்டுத்தான் எடுப்பாள். அவர் ஏறுகிற நிறுத்தம் வரும்போது கை நின்றுவிடும். கதவு திறக்கும், ஒரு பள்ளிக்கூடப் பெண், காய்கறிக் கூடையோடு ஒருவர், அப்புறம் யாருமில்லை. கதவு மூடும். கை மறுபடி நகரும். உருண்டை அவள் மடியில் தானாகச் சுற்றித் தவித்தது. ஒரு நாள் அவளுடைய விரல் தன்னை மறந்து, இல்லாத மணி ஒன்றை நூலோடு தள்ளிக்கொண்டு வந்ததைப் பார்த்தேன். கேலி செய்ய வாய் வரவில்லை. எனக்கே அப்படி!

ஸ்கார்ஃப் நீண்டுகொண்டே போனது.

"உன் அண்ணன் மக என்ன ஒட்டகச்சிவிங்கியா? நிறுத்துடி."

"நூல் இருக்குக்கா" என்றாள், ஜன்னலைப் பார்த்துக்கொண்டு. "முழுசும் பின்னச் சொன்னாரில்ல."

உருண்டை எலுமிச்சம்பழ அளவுக்கு வந்து, அதுவும் கரைந்துகொண்டிருந்த ஒரு காலையில், ஆஸ்பத்திரி நிறுத்தம் நெருங்கும்போது, அவள் எழுந்திருக்கவில்லை. எட்டிப் பார்த்தேன். கடைசிச் சுற்றுகள் கலைந்து, நூலின் உள்முனை அவள் கையில் கிடந்தது. அதில் மணி. ஒரு பிடி மணி, வரிசையாகக் கோத்து, நழுவாமல் முனையில் முடிச்சுப் போட்டு.

"நான் கோக்கலைக்கா" என்றாள். "இது என்னுது இல்லை."

கண்ணாடியும் இல்லை. பழுப்பு கலந்த வெள்ளை, கையால் ராவியதால் ஒன்று போல் ஒன்று இல்லை. இரண்டு மூன்று இளஞ்சிவப்பாக இருந்தன. நான் ஒன்றை விரலில் உருட்டிப் பார்த்தேன். அந்த நிறம் எனக்குத் தெரியாதா? என் கீழ்வரிசை அவர் கட்டியது, அதையும் விசாரித்து வைத்திருக்கிறேன். தினமும் படுக்கும் முன் டம்ளரில் போட்டு முகத்தோடு முகம் பார்க்கிறேன்.

"பல்லுடி இது! பல் செய்யுற சாமான். சிவப்பா இருக்கே, அது ஈறு."

அவருடைய விரல் உருண்டைக்குள் நோண்டியது சிக்காக்க இல்லை. ஊசிப் பக்கம் மணி தீரத் தீர, அவர் மறுமுனையில் கோத்துக்கொண்டிருந்திருக்கிறார். இவள் மிச்சம் பிடித்தாள், அவர் சேர்த்து வைத்தார், இரண்டு பேரும் ஒரே உருண்டையை வைத்துக்கொண்டு. இப்படி இரண்டு ஊமைகளை நான் பார்த்ததில்லை. பல்லைக் கொடுத்துக் காதல் சொன்னவரையும் பார்த்ததில்லை.

அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருக்கும்போது கண் நிறைந்துவிட்டது. ஆஸ்பத்திரி நிறுத்தம் போய்விட்டது. இரண்டு பேரும் கவனிக்கவில்லை.

"பின்னுடி, இன்னும் கொஞ்சம்தானே" என்றேன்.

அவள் மணிகளை ஊசிப் பக்கம் தள்ளவில்லை. பின்னிய கண்ணிகளை ஊசியிலேயே விட்டு, எல்லாவற்றையும் சுருட்டிப் பைக்குள் வைத்தாள்.

"தனியா முடியாதுக்கா. உருண்டை பிடிக்க ஆள் வேணும்."

உருண்டையே இல்லை, முழ நூல்கூட இல்லை. அவள் பையின் ஜிப்பை மூடினாள், திறந்தாள், மறுபடி மூடினாள்.

"அக்கா, உங்க பல்செட் லூசா இருக்குன்னு எப்பவோ சொன்னீங்களே... அந்தப் புது லேபுக்கு எப்ப போவீங்க?"

நான் அப்படிச் சொன்னதே இல்லை. என் பல்செட் கல் மாதிரி நிற்கிறது, கரும்பு கடிப்பேன்.

"ரொம்ப ஆடுதுடி" என்றேன். "இன்னிக்கே போகணும்."