வேலிப் பலகையை அடிக்கும்வரை

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். வேலியில் ஒரு பலகை அடிக்க வேண்டியிருக்கிறது. அதைத் தள்ளிப்போடத்தான் இந்தக் கதையை எழுத உட்கார்ந்தேன். சுத்தியலும் ஆணி டப்பாவும் சாப்பாட்டு மேசையில், என் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. கொண்டுவந்து வைத்தவள் மனைவி.

"கதை முடிஞ்சதும் அடிச்சிடுவீங்கல்ல?"

"கண்டிப்பா."

"சின்னக் கதைதானே?"

அவள் நர்ஸ். மாத்திரையை விழுங்கியாயிற்றா என்று நோயாளியை வாய் திறக்கச் சொல்லிப் பார்ப்பவள். அவளிடம் என் சாக்குப்போக்கெல்லாம் செல்லாது.

2

முதல் வரி:

ஒரே மாதிரி வீடுகள் நிறைந்த புறநகர்த் தெருவொன்றில், ஒரு மாலைப் பொழுதில்

(வேண்டாம். எனக்குக் கதை என்றாலே மாலைப் பொழுதாகிவிடுகிறது.)

என் மகளுக்கு இரண்டு வீடுகள். அவற்றில் ஒன்று

(இது தேவலை. ஆனால் அதற்கு வீட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.)

எங்கள் தெருவில் வீடுகளை ஜோடி ஜோடியாகக் கட்டியிருக்கிறார்கள். கண்ணாடியில் பார்ப்பதுபோல, எங்கள் வீட்டில் இடப்பக்கம் இருப்பதெல்லாம் பக்கத்து வீட்டில் வலப்பக்கம். நடுவே மரவேலி. அந்த வீட்டில் பேக்கரியில் வேலை பார்க்கும் ஒரு பெண்ணும் அவள் மகள் சுண்டுவும் வாடகைக்கு இருந்தார்கள். என் மகளை வாலு என்று கூப்பிடுகிறோம். ஏன் என்று கேட்பவர்கள் அவளை ஒரு நாள் வைத்துப் பார்க்கலாம்.

ஒரு பெருங்காற்றில் வேலியின் பலகை ஒன்று விழுந்தது. அன்றே அடித்திருக்க வேண்டும். நாளைக்கு ஆகட்டும் என்று விட்டேன். அந்தச் சந்து வழியாக முதலில் ஒரு பந்து வந்தது, பின்னாலேயே சுண்டு வந்தாள்.

அதுவரை அவள் அம்மா, விடியுமுன் மாவு பிசையப் போகும்போது, தூங்கும் பிள்ளையையும் தோளில் போட்டுக்கொண்டு போய் மாவு மூட்டைகளுக்குப் பக்கத்தில் படுக்கவைப்பாளாம். பலகை விழுந்த பிறகு எங்கள் சோபாவில் படுக்கவைத்துவிட்டுப் போனாள். மனைவிக்கு மாலை ஷிப்ட் வரும் நாட்களில், நான் அலுவலகத்திலிருந்து வரும்வரை வாலு அந்த வீட்டில் இருப்பாள். சந்து வழியாக வந்தவர்களிடம் 'சாப்பிட்டியா' என்று யாரும் கேட்பதில்லை. தட்டை வைத்துவிடுவோம், அவ்வளவுதான். என் சோம்பேறித்தனத்தால் இரண்டு பிள்ளைகள் வளர்ந்தார்கள் என்று சொன்னால் மனைவி சிரிப்பாள். ஆனால் மறுக்க மாட்டாள்.

3

பேக்கரிக்காரியை எழுதுவதுதான் சிரமமாக இருக்கிறது. முதல் பிரதியில் அவள் கண்கலங்கி விடைபெற்றாள். சுத்தப் பொய். உண்மையில் அவள் சந்தில் குனிந்து, தலையில் இடித்துக்கொண்டு, துள்ளிக்கொண்டு வந்தாள்.

"அண்ணா, சொந்தமா கடை போடப் போறேன்! வேற ஊர்ல. பெரிய அடுப்போட கிடைச்சிருக்கு!"

பிறகுதான் குரலைத் தாழ்த்தினாள். "வீட்டுக்காரர் வீட்டைப் பார்க்க வர்றதுக்குள்ள வேலியை மட்டும் பழையபடி ஆக்கிடணும். இல்லன்னா எங்கிட்டதான் சண்டைக்கு வருவார். நீங்க பார்த்துப்பீங்கல்ல?"

பார்த்துக்கொள்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன்.*

* கதையில் ஒருவராவது கெட்டவராக இருந்தால் வசதி. தேடிப்பார்த்தேன். வீட்டுக்காரர்கூடத் தன் வேலியைத்தான் கேட்கிறார்.

4

'அவர்கள் போன அன்று வாலு தேம்பித் தேம்பி அழுதாள்' என்று எழுதினேன். தோளுக்குப் பின்னால் மூச்சுச் சத்தம்.

"நான் எங்கப்பா அழுதேன்?"

"கதைக்காகடா செல்லம்."

"அதை அடிங்க."

~~தேம்பித் தேம்பி அழுதாள்.~~

அடித்துவிட்டேன். நடந்தது இவ்வளவுதான்: இன்று காலை அவர்களின் வண்டி தெருமுனையில் திரும்பும்வரை வாலு கையாட்டினாள். உள்ளே வந்தாள். திரை போட்டிருந்த தன் இருட்டறைக்குள் போய் வலப்பக்கச் சுவரில் சுவிட்சைத் தேடினாள். எங்கள் வீட்டில் அது இடப்பக்கம். வெறும் சுவரைத் தடவிய கையை எடுக்காமல் அப்படியே நின்றாள். அழுதவன் நான்தான். இதை அடிக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

5

நாளைக்கு வீட்டுக்காரர் வருகிறார். கைவசம் இருக்கும் முடிவுகள்:

பலகையை இறுக்கமாக அடித்துவிடுகிறேன். வாக்கு நிற்கிறது. வாலு அதற்குப் பிறகு பின்பக்கம் விளையாடப் போவதில்லை.

அடிக்காமல் விடுகிறேன். புதுக் கடையில் மாவும் கையுமாக நிற்பவளுக்கு வீட்டுக்காரரிடமிருந்து போன் போய், அவள்

(இதை எழுதவே கை வரவில்லை.)

"அப்பா, மேல மட்டும் ஒரு ஆணி அடிங்க," என்றாள் வாலு.

"ஆடுமே?"

"ஆடட்டும். பார்க்க மூடின மாதிரிதானே இருக்கும்?"

"அந்தப் பக்கம் யார் வரப் போறாங்கன்னே தெரியாதே."

"தெரியாதுல்ல? அதான் ஒரு ஆணி."

அடித்தேன். பாதி அடி ஆணியிலும் மீதி என் கட்டைவிரலிலும் விழுந்தன. மனைவி வந்து பலகையின் அடிப்பக்கத்தைத் தள்ளிப் பார்த்தாள். அது விலகியது, விட்டதும் தன் இடத்துக்கு வந்து நின்றது. இன்னொரு முறையும் தள்ளிப் பார்த்தாள். மிச்ச ஆணிகளை டப்பாவில் போட்டு மூடினாள்.

6

கதை முடிந்ததா என்று கேட்காதீர்கள். அது உங்களைப் பொறுத்தது. அந்த வீடு காலியாக இருக்கிறது. நீங்களேகூட வரலாம், பிள்ளைகுட்டிகளோடு.

வந்தால், சாமான்களை இறக்கிவிட்டுப் பின்பக்கம் வாருங்கள். ஒரு பலகை மட்டும் லேசாக ஆடும். அடிப்பக்கத்தை வலதுபுறம் தள்ளுங்கள். எங்களுக்கு இடது, உங்களுக்கு வலது. தலையைக் குனிந்துகொள்ளுங்கள்.

புது வீட்டில் முதல் நாள் சுவரைத் தடவிக்கொண்டு நிற்பீர்கள். உங்கள் வீட்டில் சுவிட்ச் எந்தப் பக்கம் என்று இங்கே ஒருத்திக்கு நன்றாகத் தெரியும். கூப்பிடுங்கள், வருவாள்.