மேற்கே திருப்பிய கட்டில்

வார்டுக்குள் ஆக்சிஜன் சிலிண்டர் உருண்டு வந்தாலே பேச்சு அடங்கிவிடும். உயிர் ஊசலாடும்போதுதான் அதைக் கொண்டுவருவார்கள். அதனால் அது யார் தலைமாட்டில் நிற்கிறதோ அவர் பிழைக்கமாட்டார் என்பது ராயபுரத்தில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. அன்றைக்கு அதைக் கமாலுதீனின் தலைமாட்டில் நிறுத்தி, சுவரோடு சங்கிலி போட்டுக் கட்டினார்கள்.

துறைமுகத்தில் மூட்டை தூக்கிய உடம்பு. பென்சிலின் ஊசிக்கும் இறங்காத நெஞ்சுச்சளி. நர்ஸ் அடைக்கலமேரி அவர் மூக்கில் ரப்பர் குழாயைச் செருகி, பிளாஸ்திரி ஒட்டிவிட்டு அடுத்த நோயாளியிடம் போனாள். அவள் நகர்ந்ததுதான் தாமதம், தம்பி மஜீது கட்டிலை இழுத்து, அண்ணனின் முகம் தொழுகைத் திசையான கிப்லாவைப் பார்க்கும்படி மேற்கே திருப்பிவிட்டான். மெல்ல ஓதவும் தொடங்கினான். மவுத்தாகி உயிர் பிரிகிறவருக்குச் செய்கிற மரியாதை அது. ஆனால் கமாலுதீனுக்கு நல்ல நினைவு இருந்தது. ஜன்னலில் தெரிந்த கடல் முதுகுக்குப் பின்னால் போனதும் அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது. குழாயைப் பிடுங்கி எறிந்தார்.

"வேணாம் காத்தூன்... இது மவுத்துக் கொழா. வூட்டுக்கு இட்டுகினு போ."

மனைவி காத்தூன் பீவி அவர் நெஞ்சைத் தடவிக்கொடுத்தாள். புருஷனின் உதடு நீலம் பாரித்தது. அடைக்கலமேரி ஓடிவந்து, குழாயை அவர் மூக்குப் பக்கம் இழுத்துப் பார்த்தாள்.

"யாருய்யா கட்டில திருப்புனது? கொழா எட்டல பாரு! இந்தக் காத்து இல்லாங்காட்டி இவரு தாங்கமாட்டாரு."

"அண்ணாத்தே போறப்போ கிப்லாவப் பாக்க வாணாமா, சிஸ்டர்?"

"அவர அனுப்பி வெக்க உனுக்கு இன்னாய்யா அவ்ளோ அவசரம்?"

காத்தூன் குழாயை எடுத்து முந்தானையால் துடைத்தாள். தன் மூக்கிலேயே வைத்துக்கொண்டாள்.

"ஏங்க, இங்க பாருங்க. எனுக்கு இன்னா ஆச்சு? ரப்பர் நாத்தம்தான். உங்க ஆர்பர் நாத்தத்துக்கு இது தேவல."

மூச்சு முட்டும்போதும் அவருக்குச் சிரிப்பு வந்தது. "கலீஜ் பண்ணிட்டியே..."

அடைக்கலமேரி தலையில் அடித்துக்கொண்டு வேறு குழாய் மாட்டினாள். மஜீது கட்டிலைக் கடல் பக்கம் திருப்பினான். சிலிண்டரோடு சேர்ந்த தண்ணீர் பாட்டிலில் காற்று குமிழியிட்டது. உதட்டில் மெல்ல நிறம் திரும்பியது.

அந்தக் காற்றில் அவருக்குச் சில நாள் பேச்சு கிடைத்தது. தூரத்தில் நிற்கும் கப்பல்களைக் காட்டி, எதில் என்ன சரக்கு இறக்கினோம் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். வேலை விட்டு வந்தால் படுத்துவிடுகிற மனிதர். கல்யாணமான நாளாய் அவர் இவ்வளவு பேசி அவள் கேட்டதில்லை.

ஒரு சாயங்காலம் கப்பல் கதையைப் பாதியில் நிறுத்தினார்.

"மஜீது, இப்போ கிப்லா பக்கம் திருப்புடா."

மஜீது கட்டிலைத் தொடப் பயந்து நின்றான். அடைக்கலமேரி சங்கிலியை அவிழ்த்து, சிலிண்டரைத் தோளோடு அணைத்து, உருட்டிக்கொண்டு கட்டிலின் மறுபக்கம் வந்தாள்.

"இப்போ திருப்புங்க. எட்டும்."

மஜீது ஓதினான். காத்தூன் அவர் கையைப் பிடித்தபடி அந்தப் பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் மூச்சு நின்ற பிறகும் அதில் குமிழி வந்துகொண்டிருந்தது. அடைக்கலமேரி உடனே சிலிண்டரை மூடிவிடவில்லை.