சாருக்கு விழுந்த கெளுத்தி

சனிக்கிழமை காலை நைட் ஷிஃப்ட் முடிந்து சுரங்கத்திலிருந்து வெளியே வந்த சுதாகர், வீட்டுக்குப் போய்ப் படுக்கவில்லை. கடலூர் துறைமுகத்துக்கு மீன் பிடிக்கப் போனான். மீன் மேல் அவனுக்குப் பெரிய ஆசை கிடையாது. குழம்பில் கிடந்தால் தின்பான், அவ்வளவுதான். ஆசையெல்லாம் தூக்கத்தின் மேல்.

வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து மூன்று ஷிஃப்டும் மாறி மாறிப் பார்த்ததில், எது பகல் எது இரவு என்பதே அவன் உடம்புக்கு மறந்துபோயிருந்தது. இப்போது பிளானிங் செக்‌ஷனில் ஜெனரல் ஷிஃப்ட் இடம் ஒன்று காலி. காலையில் போய் சாயங்காலம் திரும்பி, ராத்திரியில் நாலு பேரைப் போலப் படுக்கலாம். அந்த இடத்தை இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். ஒருவன் சுதாகர். இன்னொருவன் அவன் குடியிருக்கும் பிளாக்கிலேயே அடுத்த குவார்ட்டர்ஸில் இருக்கும் மதிவாணன். யாருக்கு என்று திங்கட்கிழமை முடிவு செய்யப்போகிறவர் சீஃப் மேனேஜர் ஜெயப்பிரகாஷ். அவருக்கு அண்மையில்தான் மீன்பிடி ஞானம் பிறந்திருந்தது. “இந்த வீக்கெண்ட் ரெண்டு பேரும் வாங்களேன்” என்றார். அது அழைப்பா, ஆர்டரா என்று இருவரும் ஆராயவில்லை.

மனைவி பவித்ரா போனில் ஒரே ஒரு எச்சரிக்கை கொடுத்தாள். “தோ பாருங்க, சாருக்கு முன்னாடி நீங்க மீன் கீன் புடிச்சித் தொலைச்சிராதீங்க.”

“நான் என்னாத்த புடிக்கப் போறேன்? கண்ணே தெறக்க முடியல.”

“அந்தக் கண்ண தெறந்து வெச்சிகினு நில்லுங்க. அதான் முக்கியம்.”

சார் ஏகப்பட்ட பாக்கெட் வைத்த சட்டையில், காதுவரை மறைக்கும் தொப்பியோடு வந்தார். ஆன்லைனில் வரவழைத்த தூண்டில் ராடுகள் மூன்று, ஒரே நிறம், ஒரே நீளம். அலைதடுப்புக் கற்களின் மேல் ஏறியதும் முதல் வேலையாக சேஃப்டி மீட்டிங் வைத்தார். சுரங்கத்தில் ஷிஃப்ட் தொடங்கும் முன் செய்வதைப் போலவே இரண்டே பேரை வரிசையில் நிற்கவைத்து, பாசி, வழுக்கல், கொக்கி என்று ஒவ்வொன்றாக விளக்கினார். இருவரும் தலையைக் குனிந்து கேட்டார்கள். பக்கத்தில் வலை உதறிக்கொண்டிருந்த மீனவர் சற்று நேரம் பார்த்துவிட்டு, “ஏங்க, யாராச்சும் செத்துட்டாங்களா?” என்று மெதுவாக விசாரித்தார்.

“ஃபிஷிங்கும் மேனேஜ்மென்ட்டும் ஒண்ணுதான் சுதாகர். மீனோட மைண்ட்ல இருந்து யோசிக்கணும்.”

மீனின் மைண்டில் இருந்து யோசித்தால் இந்தப் பக்கமே வரக்கூடாது என்று சுதாகருக்குப் பட்டது. “கரெக்ட் சார்” என்றான்.

கடலூர்க் கடல் சாரின் பதவியை மதிப்பதாக இல்லை. கொக்கி கல்லிடுக்கில் மாட்டித் தங்கூசி நரம்பு அறுந்தது. புதிதாகக் கட்டிய கொக்கியிலிருந்த இறாலை நண்டு தின்றுவிட்டுப் போனது. மத்தியானம் ராடு நன்றாக வளைய, சார் மூச்சுப் பிடித்துச் சுற்றினார். வந்தது ஒரு சிமெண்ட் சாக்கு. குற்றவாளிகளின் பட்டியல் நீண்டுகொண்டே போனது. முதலில் கடல் ஓதம், பிறகு விசைப்படகுச் சத்தம், அப்புறம் இறால் விற்ற அம்மாள். கடைசியில், “லொக்கேஷன் சரியில்ல” என்று கல்லை விட்டு முகத்துவாரத்துக்கும் முகத்துவாரத்தை விட்டுக் கல்லுக்குமாக நடந்தார். பின்னாலேயே ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு சுதாகர் நடந்தான். பெட்டியில் ஐஸ் மட்டும் இருந்தது. அதுவும் உருகிக்கொண்டிருந்தது.

மதிவாணன் காலையிலேயே, “ஒரு நிமிஷம் கண்ண மூடிக்கிறேன்ப்பா” என்று கரையேற்றியிருந்த படகின் நிழலில் சாய்ந்தவன்தான். வாயைத் திறந்துகொண்டு தூங்கினான். ஈ உள்ளே போய் வந்துகொண்டிருந்தது. சார் அவனை இரண்டு முறை திரும்பிப் பார்த்ததைக் கண்டபோது, சுதாகருக்கு அத்தனை அசதியிலும் வயிறு குளிர்ந்தது. தூங்குடா ராசா, நல்லா தூங்கு. தனக்குக் கண் சொக்கியபோது இறால் கையாலேயே கண்ணைத் தேய்த்துக்கொண்டான். அந்த எரிச்சல் மாலைவரை தாங்கியது.

“நாளைக்கு விட மாட்டேன்” என்றார் சார். ஆகவே ஞாயிற்றுக்கிழமையும் போனார்கள். அதே கல், அதே வெயில், அதே படகு நிழலில் அதே மதிவாணன்.

டீ குடித்துவிட்டு வந்து நின்ற கொஞ்ச நேரத்தில் அந்த விபத்து நடந்தது. சுதாகரின் ராடு நுனி வளைந்தது. சாக்கு இல்லை, உயிருள்ளது. மீன் தப்பிக்கட்டும் என்று சுதாகர் தங்கூசியைத் தளரவிட்டான். “போய்த் தொலையேன்” என்று கடலைப் பார்த்துக் கெஞ்சினான். அது போவதாக இல்லை.

“என்ன சுதாகர், மாட்டிருச்சா?” மெமோ கொடுக்கிற குரல்.

“சார், இது உங்க ராடு சார். டீ குடிச்சிட்டு வந்தப்ப மாத்தி எடுத்துட்டேன் போலருக்கு.”

சார் இரண்டு ராடுகளையும் பார்த்தார். கடமைக்குத்தான் பார்த்தார். “நானும் நெனச்சேன். கையில வெயிட்டே வேற மாதிரி இருந்துச்சு.”

உள்ளங்கை அளவில் ஒரு கெளுத்தி வந்தது. அதைக் கொக்கியிலிருந்து எடுக்கும் வேலை மட்டும் சுதாகருக்கு வந்தது. முள் கட்டைவிரலில் ஆழமாக ஏறியது. அந்த விரலாலேயே போட்டோவும் எடுத்தான். மீன் பெரிதாகத் தெரியவேண்டும் என்று சார் கையைக் கேமராவை நோக்கி முழுக்க நீட்டிப் பிடித்தார். அது மூச்சடங்குவதற்குள் போட்டோ ஆபீஸ் குரூப்புக்குப் போய்விட்டது.

திரும்பும்போது காரில் சார் குஷியாக இருந்தார். பின்சீட்டில் மதிவாணன் தலை தொங்கிக் கிடந்தான். குறிஞ்சிப்பாடி தாண்டியதும் சார் தொடங்கினார்.

“ரெண்டு நாளா உன்னக் கவனிச்சிட்டுதான் இருக்கேன்.”

சுதாகர் நிமிர்ந்து உட்கார்ந்தான். வலித்த விரலைக்கூட மறந்தான்.

“நைட் முடிச்சு நேரா வந்தவன். ஒரு தடவகூட கண்ண மூடல. இந்த அலர்ட்னஸ் எல்லாருக்கும் வராது. உன்னக் கொண்டுபோய் ஆபீஸ்ல ஃபைல் கட்ட வெச்சா அது நான் பண்ற துரோகம். நீ ராத்திரி மைன்ஸ்ல நின்னாதான் நான் வீட்ல நிம்மதியா தூங்க முடியும்.”

பின்னால் ஒரு குறட்டை எழுந்து அடங்கியது.

“இவனப் பாரு. பாவம், பாடி தாங்கல. இவன இனி நைட்ல விட்டா எங்கயாவது விழுந்து வெப்பான். நாளைக்கே ஜெனரலுக்கு மாத்திடறேன். என்ன சொல்ற?”

சுதாகர் கண்ணாடி வழியே முந்திரித் தோப்பைப் பார்த்தான்.

“கரெக்ட் சார்.”

வீட்டில் பவித்ராவுக்கு அவன் முகத்தைப் பார்த்ததும் விஷயம் தெரிந்துவிட்டது. விரலுக்கு வெந்நீர் வைத்துக் கொடுத்தாள். ஜன்னலுக்குப் பழைய போர்வையை மாட்டி, “நைட்டுக்குப் போவணும்ல, படுங்க” என்றாள். படுத்தான். விரல் விண்விண்ணென்று தெறித்தது. போனில் சாருக்கு வாழ்த்துகள் வந்துகொண்டே இருந்தன. ஒரு கை கும்பிடு அவனும் போட்டான்.

கண் சொருகுகிற நேரம் பார்த்து, சுவருக்கு அந்தப் பக்கம் குறட்டை கிளம்பியது.

“மதிவாணனா?” என்றாள் பவித்ரா. “ரெண்டு நாளா அங்க தூங்கனது பத்தலியாமா? செவுத்த தட்டட்டா?”

“வாணாம் வுடு” என்றான் சுதாகர், கண்ணைத் திறக்காமலே. “காலையில டூட்டிக்குப் போவணும் அவன். தூங்கட்டும்.”