அரச மரத்தடியில் அணைக்கும் முறை

நெடுங்குளத்துப்பட்டியில் ஒரு மோட்டார் சைக்கிளை அணைத்து நிறுத்துவதற்குச் சிறந்த முறை எது என்பதைச் சுருளியைப் போல் அறிந்தவர் ஒருவருமில்லை. கீழத்தெருவிலிருந்து வரும்போது வாய்க்கால் பாலத்தின் மேலேயே சாவியைத் திருப்பிவிட வேண்டும். மிச்ச வேகத்தில் வண்டி ஓசையின்றி உருண்டு, மேலத்தெரு தொடங்கும் அரச மரத்துக்கு இரண்டு முழம் முன்னால் நிற்க வேண்டும். அதற்கு முன்பே நின்றால் தள்ளும் தூரம் கூடும். மரத்தைத் தாண்டி நின்றால், அமர்ந்தபடி தெருவுக்குள் நுழைந்த குற்றம் சேரும். பிறகு இறங்கி, செருப்பைக் கழற்றிக் கைப்பிடியில் மாட்டி, தண்ணீர்த் தொட்டிவரை உருட்ட வேண்டும். தொட்டியைக் கடந்த பிறகே மனிதன் தன் வண்டியில் ஏறலாம்.

இந்த விதி எந்தச் சட்டப் புத்தகத்திலும் இல்லை. எந்தச் சுவரிலும் எழுதப்படவில்லை. சுவரில் எழுதியிருந்தால் சுண்ணாம்பு பூசி அழித்திருக்கலாம். அது கீழத்தெரு மனிதர்களின் விரல்களுக்குள் எழுதப்பட்டிருந்தது.

தலைமுறை தலைமுறையாகக் கூலிக்கு வயலில் இறங்கிய குடும்பத்தில், முதன்முதலாக அரை ஏக்கர் நிலம் வாங்கியவர் சுருளி. அதில் மல்லிகை போட்டிருந்தார். அன்று காலை மொட்டுப்புழுவுக்கு மருந்தடிக்கப் போனவர் மூக்கில் துணி கட்டவில்லை. காற்று எதிர்த்து வீசியது. ஒன்பதரை மணிக்கு வீட்டு வாசலில் வந்து விழுந்தபோது அவருடைய வாயிலிருந்து நுரை வழிந்துகொண்டிருந்தது.

பசுமலையில் ஆசிரியர் பயிற்சி படிக்கும் மகள் பாண்டிச்செல்வி ஆம்புலன்சுக்குப் போன் செய்தாள்.

“என்னடி சொல்றாக?” என்றாள் தாய் ராமக்காள்.

“முக்கா மணி நேரம் ஆகுமாம். அம்புட்டு நேரம் அப்பா தாங்க மாட்டாரும்மா. நானே கொண்டுட்டுப் போறேன்.”

வண்டியை அவள் எடுத்தாள். தகப்பனைப் பின்னால் உட்காரவைத்து, மகளின் முதுகோடு அவரைச் சேலையால் கட்டினாள் ராமக்காள். முடிச்சுப் போட்ட கை நின்றது.

“தாயி… மரத்தடியில…”

“இவர வச்சுக்கிட்டு எப்படிம்மா உருட்டுறது?”

ராமக்காள் முடிச்சை இறுக்கினாள். அந்த ஊரிலிருந்து நகரத்துக்கு வேறு சாலை இல்லை.

வாய்க்கால் பாலம் வந்தது. மரத்தடிச் சிமெண்டு மேடையில் நான்கு பேர் அமர்ந்திருப்பது தெரிந்தது. அணைக்க மாட்டேன் என்று பாண்டிச்செல்வி தனக்குள் சொல்லிக்கொண்டாள். நின்றால் தகப்பன் இல்லை. நிற்காவிட்டால் ஊர் இல்லை. எதைத் தேர்ந்தெடுப்பது என்று ஒரு மகளை நிற்கவைத்துக் கேட்கும் தெருவும் ஒரு தெருவா? முதுகில் தகப்பனின் எச்சில் சட்டையை நனைத்து இறங்கியது. அவள் வேகத்தைக் கூட்டினாள்.

அப்போது அவள் விலாப்புறத்திலிருந்து ஒரு கை முன்னால் நீண்டது. நினைவு பாதி போன நிலையிலும் வழி தவறாத கை. அது சாவியைத் திருப்பியது. உருவி எடுத்தும் கொண்டது.

இயந்திரம் அடங்கியது. பதறிக் கிளட்சைப் பிடித்தாள். வண்டி ஓசையின்றி உருண்டு மரத்தடிக்கு வந்து நின்றது.

“எறங்கு தாயி,” என்றது பின்னாலிருந்து குழறிய குரல். “எறங்கிரு…”

மேடையிலிருந்த மேலத்தெருக்காரர் விருமாண்டி எழுந்து வந்தார். வண்டிக்கு முன்னால் நின்றார்.

“என்ன, நிறுத்திட்டு மேலயே உக்காந்திருக்க? எறங்கு.”

“அப்பாவுக்கு மருந்து ஏறிருச்சுய்யா. ஆஸ்பத்திரிக்குப் போறேன்.”

“போ. யாரு வேணாங்குறா? உருட்டிட்டுப் போ.”

“கட்டி வச்சிருக்கு. எறங்குனா விழுந்துருவாரு.”

“பாத்தியா மாப்ள,” என்று மேடையைப் பார்த்துச் சிரித்தார் விருமாண்டி. “நொரை தள்ளுற நேரத்துலயும் அப்பனுக்கு மரியாதை தெரியுது. காலேசுக்குப் போன மகளுக்குத்தான் தெரியல.”

“விடுங்க மாமா,” என்றான் மேடையிலிருந்த ஜெயபாண்டி. “ஆளு கண்ணு சொருகுது.”

“நீ சும்மா இருடா.”

பாண்டிச்செல்வி கையைப் பின்னால் வளைத்துத் தகப்பனின் மூடிய கையைப் பற்றினாள். சாவி உள்ளே இருந்தது. அவர் விரல்கள் திறக்க மறுத்தன. மூச்சு விடவே வலுவில்லாத உடம்பில் இத்தனை வலு எங்கிருந்து வந்தது? அச்சத்திலிருந்து வந்தது. யாரும் அவளைப் பிடிக்கவில்லை; யாரும் அவளை அடிக்கவில்லை; அவளைத் தடுத்தது அவளைப் பெற்றவரின் கை. ஒவ்வொரு விரலாக நிமிர்த்தினாள். சுண்டுவிரலை நிமிர்த்தும்போது அவர் அழுதார். ஏழு நிமிடங்கள் போயின.

சாவியைப் போட்டு இயந்திரத்தை உயிர்ப்பித்தாள். விருமாண்டி நகரவில்லை. அவள் முதல் கியரைப் போட்டாள். சக்கரம் அவர் வேட்டியைத் தொட்ட பிறகுதான் அவர் விலகினார். பின்னால் ஏதோ வந்து மோதி விளக்கு உடைந்தது. அவள் திரும்பவில்லை. தெருவின் இருபுறமும் கதவுகள் திறக்கும் ஓசை மட்டும் தொட்டிவரை கூடவே வந்தது.

நகரத்துக்குள் நுழைந்து கோச்சடையைக் கடந்ததோ, கோரிப்பாளையம் சந்திப்பில் வண்டிகளுக்கிடையே புகுந்ததோ அவளுக்கு நினைவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் யாரோ முடிச்சை அறுத்துச் சுருளியை இறக்கினார்கள். ஊசி மேல் ஊசி போட்டார்கள். பன்னிரண்டு மணிக்குச் செவிலியர் ஆன்மேரி வந்து, “மூச்சு சீரா வருது, பொழச்சுக்குவாரு,” என்றார். பாண்டிச்செல்வி தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

நஞ்சு ஏறியவர் வந்தால் காவல்துறைக்குச் சொல்வது வழக்கம். தலைமைக் காவலர் இன்னாசிமுத்து தாளோடு வந்தார்.

“ஒன்பதரைக்கு விழுந்தாரு. அப்பறம் ஏன் லேட்டு?”

“வழியில வண்டி நின்னுருச்சு சார்.”

“ரிப்பேரா?”

“இல்ல. அணைச்சாக.”

“யாரு?”

“எங்கப்பா.”

பேனா நின்றது. ஊசி மருந்தை எடுத்துக்கொண்டிருந்த ஆன்மேரியும் நிமிர்ந்தார். பாண்டிச்செல்வி பாலத்தைச் சொன்னாள், மரத்தைச் சொன்னாள், தொட்டியைச் சொன்னாள். எல்லாவற்றையும் கேட்ட இன்னாசிமுத்து குரலைத் தாழ்த்தினார்.

“தங்கச்சி, மருந்தடிக்கையில ஏறுனதுன்னு எழுதி முடிச்சிரலாம். மத்தத எழுதுனா அது வேற கேசு. நீ ஊருக்குத் திரும்பணும்ல?”

அவள் கைப்பேசி அதிர்ந்தது. ராமக்காள்தான். மிக மெதுவாகப் பேசினாள்.

“வாசல்ல மேலத்தெரு ஆளுக நாலு பேரு நிக்கிறாக தாயி. நீ எப்ப வருவன்னு கேக்குறாக. நான் உள்ளுக்க தாப்பா போட்டுட்டேன்.”

“தொறக்காத. நான் சொல்ற வரைக்கும் தொறக்காத.”

அவள் இன்னாசிமுத்துவின் தாளைப் பார்த்தாள். இந்தத் தாளில் ஒன்றும் எழுதாவிட்டால் அந்த நால்வர் மாலைக்குள் போய்விடுவார்கள். போய், மரத்தடியில் உட்காருவார்கள். நாளையும் உட்காருவார்கள்.

“எழுதுங்க சார்,” என்றாள். “மொதல்ல, எங்கம்மா தனியா இருக்கு, வாசல்ல ஆளு நிக்கிதுன்னு ஸ்டேசனுக்குச் சொல்லுங்க. அப்பறம் எழுதுங்க.”

இன்னாசிமுத்து ஸ்டேசனுக்குப் போனில் பேசிவிட்டுப் புதிய தாளை எடுத்தார்.

“மரத்தடியில யாரு யாரு இருந்தா? பேரு சொல்லு.”

முதலில் விருமாண்டியின் பெயரைச் சொன்னாள். கட்டிலில் சுருளியின் கண்கள் திறந்தன; வேண்டாம் என்று தலை அசைந்தது. ஊசி குத்திய கை துழாவி வந்து அவள் துப்பட்டாவைப் பற்றி இழுத்தது.

பாண்டிச்செல்வி அந்தக் கையைத் தன் கைக்குள் எடுத்துக்கொண்டாள். அடுத்த பெயரைச் சொன்னாள்.